முந்நூறு ரூபாய்ச் சட்டையும் முப்பது வருட வேலையும்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் இரண்டு பேச்சு சேர்ந்தே கேட்கும். ஒன்று, "அடுத்து என்ன படிக்கப்போறே?" இன்னொன்று, "சட்டை எடுக்கறதுல இருக்கிற அக்கறை இதுல இல்லையே." முதலாவது கேள்வி, இரண்டாவது தீர்ப்பு. சில்லறைச் செலவிலும் உடையிலும் மனம் போகிற பிள்ளைக்கு வாழ்க்கையில் வழி புலப்படாது என்பது அந்தத் தீர்ப்பின் பொருள். வாங்குவதற்கும் வழி தேடுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வீடு நினைப்பதற்கு நேர்மாறான சம்பந்தம் அது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தம் பொறுப்பில் எடுக்கக் கிடைக்கிற முடிவு, சின்னப் பொருள் வாங்குவது ஒன்றுதான். படிப்பை அப்பா முடிவு செய்கிறார், ஊரை மாமா முடிவு செய்கிறார், கல்யாணத்தை எல்லோரும் கூடி முடிவு செய்கிறார்கள். சட்டையும் செருப்பும் பேனாவும் மட்டும் பிள்ளை கையில். அங்கே அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள், ஏமாந்த பிறகு என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்பதில் பிற்பாடு செய்யப்போகும் வேலைக்கான தடயம் இருக்கிறது. ஊதாரித்தனம் என்று பெயர் வைத்து அந்தத் தடயத்தை நாமே அழித்துவிட்டு, பிறகு ஆலோசகரிடம் அழைத்துப்போகிறோம்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கண்டிப்பு எப்போதும் கணக்கின் பெயரால்தான் வருகிறது. கடையில் தினம் ஒரு டீ, 15 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 5,475 ரூபாய். சொல்லும்போது பெரிய தொகைதான்; பணத்தைப் பெருக்கச் சொல்லித்தரும் வீடியோக்களில் இதற்கு வட்டிக்கு வட்டி போட்டு, முப்பது வருடத்தில் லட்சக்கணக்கில் வளர்த்துக் காட்டுவார்கள். அதே தொகையை நம் குடும்பச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 2017இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய். பத்து வருடம் டீயே குடிக்காமல் இருந்தால் ஒரு வருடக் கட்டணம் தேறும். அதிலும் 250 ரூபாய் குறையும். நான்கு வருடப் படிப்புக்கு நாற்பது வருடம் டீயை மறக்க வேண்டும். விடுதியும் பஸ்ஸும் புத்தகமும் இதில் சேராது. நம் குடும்பங்களைக் கடனில் இறக்குவது படிப்பும் மருத்துவமனையும் கல்யாணமும் மனையும்தான். அந்தப் பேச்சு நடக்கும்போது பிள்ளையை "நீ போய்ப் படி" என்று அடுத்த அறைக்கு அனுப்பிவிடுகிறோம். டீக்கும் சட்டைக்கும் மட்டும் நிற்கவைத்துக் கணக்குக் கேட்கிறோம். சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையிலிருக்கும் காசுக்குள் அடங்குகிற செலவைத்தான் நான் சின்னச் செலவு என்கிறேன். செல்போன் செயலி தரும் கடனில், மூன்று தவணையில் வாங்கிய ஷூ எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. அது கடன், அதற்குரிய பயத்தோடுதான் அதைப் பேச வேண்டும்.

சின்னச் செலவின் அருமையைக் கல்வியாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அதை விற்றவர்கள். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய டப்பாவிலும் பாட்டிலிலும் விற்றுவந்த பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க முடியும் என்று பிடிவாதமாக முயன்றவர். டால்கம் பவுடரில், எப்சம் உப்பில் என்று அந்த முயற்சி நடந்தது. அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் சகோதரர்களோடு இருந்த தொழிலிலிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆன நிறுவனம் அது. அந்த நிறுவனம் செய்த ஒரு காரியத்தை வணிகக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்வார்கள்: எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பதிலுக்குச் சிக் பாக்கெட் இலவசம்; பழக்கம் பிடித்ததும், சிக் பாக்கெட்டின் காலி உறைகளுக்கு மட்டுமே இலவசம். 1999இல் ஐம்பது காசுக்கே பாக்கெட் வந்தது.

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு தலைக்கு, நீளக் கூந்தலானால் சிக்கனமாக ஒரு தலைக்கு, ஆகிற அளவு. ஈரக் கையால் கிழிக்க வசதியாக ஓரத்தில் ஒரு சிறு வெட்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கடைக்காரர் கத்தரியில்லாமல் பிரித்துத்தர நடுவில் துளைக்கோடு. இத்தனையும் ஒரே ஒரு கவனிப்பிலிருந்து பிறந்தவை: கூலி நாளுக்கு நாள் வருகிற வீட்டில், வாங்குவதும் நாளுக்கு நாள்தான் நடக்கும். மாதச் சம்பளக்காரருக்குப் பாட்டில் ஒரு பொருள். தினக்கூலிக்காரருக்கு அது இரண்டு நாள் சோறு. இந்தியாவில் ஷாம்பு விற்பனையில் பெரும்பகுதி இன்றும் பாக்கெட்டில்தான் நடக்கிறது. எவ்வளவு பெரிய தொழில், எவ்வளவு சின்ன வாங்கலைக் கவனித்ததிலிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். சந்தை ஆய்வு என்று ஒரு துறை இருக்கிறது. அதில் வேலை பார்க்கிறவர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

இங்கே ஒரு வாதம் வரும், நியாயமான வாதம். கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளும் ஒரு சந்தை, அவர்களுக்கு ஏற்ற அளவில் பொருளைக் கொடுத்தால் விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் மதிப்பு என்று 2004இல் வந்த தம் புத்தகத்தில் எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி அதை மறுத்தார். பாக்கெட்டைச் சின்னதாக்கினால் பொருள் மலிவாகிவிடாது. அளவுக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. அது குறையாதவரை ஏழைக்கு லாபம் ஒன்றுமில்லை என்பது அவருடைய வாதம். இந்த மறுப்பு சரியானது என்றே நினைக்கிறேன். மளிகைக்கடையில் கால் கிலோவாக வாங்குகிறவர் ஒரு கிலோ வாங்குகிறவரைவிடக் கூடுதல் விலை கொடுப்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஷாம்புவில் நிலைமை வேறு. நம் நாட்டில் பல சமயம் மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் பாக்கெட்தான் பாட்டிலைவிட மலிவு. இதை அறிந்துகொள்ள எந்தப் பேராசிரியரும் தேவைப்படவில்லை. பாட்டில் வாங்க வசதி வந்த பிறகும் பாக்கெட்டைச் சரமாக வாங்கி வைக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. சின்ன வாங்கல் மந்தபுத்தியின் அடையாளம் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டுக்காரம்மாவின் கணக்குக்கு முன்னால் நிற்க முடியாது.

உடைக்கு வருகிறேன். உடை அலங்காரம், வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவது படித்தவர்களுக்கு வழக்கம். பொருளாதாரத்தின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கிற ஆதம் ஸ்மித் அப்படி ஒதுக்கவில்லை. 1776இல் வெளிவந்த தம் நூலில், லினன் சட்டை உயிர்வாழ அவசியமானதல்ல, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலே சௌக்கியமாக இருந்தார்கள், ஆனாலும் தம் காலத்து ஐரோப்பாவில் மானமுள்ள கூலித்தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், ஆகவே அது அத்தியாவசியப் பொருள்தான் என்று எழுதுகிறார். நமக்கு இதைச் சொல்லித்தர ஸ்காட்லாந்துக்காரர் வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், மார்பை மறைத்து மேல்துணி அணிவதற்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரச அறிவிப்பு வந்தபோது, நாடார் பெண்கள் மேல்துணி அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்று அதிலும் ஒரு கொக்கி போட்டார்கள். ஒரு முழத் துணியை எப்படிப் போர்த்துவது என்பதற்குள் யார் எங்கே நிற்கலாம் என்பது முழுவதும் அடங்கியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, உடையில் என்ன இருக்கிறது என்று கேட்பது வரலாறு தெரியாத கேள்வி.

இன்றைக்கு அதே விஷயம் வேறு வடிவத்தில் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்கு முழுக்கைச் சட்டையும் தோல் ஷூவும் ஒரு நுழைவுக் கட்டணம். சட்டையின் தோள் தையல் தோளில் உட்கார வேண்டும், முழங்கை நோக்கி வழியக் கூடாது. பேன்ட் ஷூவின் மேல் மடிந்து குவியக் கூடாது. பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் அப்பாவைப் பார்த்தே தெரிந்துவிடும். தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வரும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அது நாலைந்து கடை ஏறி, நண்பர்களைப் பார்த்து, தப்பான சட்டை ஒன்றிரண்டு வாங்கித்தான் தெரிந்துகொள்கிறது. அந்தத் தப்பான சட்டைகளுக்குத்தான் நாம் திட்டுகிறோம்.

நாகரிகம் என்பதே பார்த்துச் செய்வதுதானே, ஊரெல்லாம் போடுவதைத் தானும் போடுவதில் சொந்தப் புத்தி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் ஸிம்மல் 1904இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஃபேஷனில் இரண்டு ஆசைகள் ஒருசேர வேலை செய்கின்றன என்பது அவர் முடிவு: மற்றவரைப் போல இருக்க வேண்டும் என்கிற ஆசை, மற்றவரிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்கிற ஆசை. பதினேழு வயதில் வேலை பற்றிய கவலையும் அச்சாக இதே இரண்டு ஆசைகளால் ஆனது. எல்லோரும் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கிறார்கள், நானும் எடுக்க வேண்டும். எல்லோரையும் போல ஆகிவிடக் கூடாது, எனக்கென்று ஒன்று வேண்டும். சட்டையில் இந்த இழுபறியைப் பழகிப்பார்க்க முந்நூறு ரூபாய் ஆகும். படிப்பில் பழகிப்பார்க்க நான்கு வருடம் ஆகும். எது மலிவு என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

விளம்பரம்தான் ரசனையைப் பிள்ளைகளின் தலைக்குள் வைக்கிறது, அதை அவர்களுடைய சொந்தக் கவனம் என்று சொல்வது வெகுளித்தனம் என்பது இன்னும் கடுமையான மறுப்பு. இதற்கு நம் சென்னையின் பெயரோடு ஒட்டிய சான்றே உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் 'மெட்ராஸ்' கட்டம் போட்ட கைத்தறிச் சட்டைகள் விற்றன. துவைத்ததும் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே குணமாக்கி, சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக எழுதினார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டையாகிறது என்றார்கள். சட்டை அதன் பிறகு இன்னும் நன்றாக விற்றது! ஆக, விளம்பரத்தின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு எதிர்மருந்து எது? வாங்காமல் இருப்பதா? வாங்கவே விடாமல் வளர்த்த பிள்ளை முதல் சம்பளம் வந்த மாதத்தில் விளம்பரத்தின் கையில் போய் விழுவதை நாடு முழுக்கப் பார்க்கிறோம். வாங்கி, துவைத்து, ஏமாந்து, ஏன் ஏமாந்தோம் என்று யோசித்தவர்கள்தான் விளம்பரத்துக்கு எட்ட நிற்கிறார்கள். தவிரவும், சாயம் போவதையே விற்றுக்காட்டிய அந்த ஆளுக்கும் அது ஒரு வேலைதான். அந்தச் சாமர்த்தியத்தை ரசிக்கிற பிள்ளைக்கும் ஒரு திசை அதில் தெரியும்.

இப்போது கவனம் என்று நான் சொல்வது என்ன என்பதை ஒரு பொருளில் வைத்துக் காட்டுகிறேன். முந்நூறு ரூபாய்க்கு ஒரு டி-சர்ட். கடைக்குள் போன ஒருவன் துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறான். கனம் போதுமா என்பது அவன் கவலை. திருப்பூரில் அதற்கு ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. 140 என்றால் மெல்லிசு, 180 என்றால் உடம்பில் நிற்கும். கூட வந்தவள் கழுத்துப் பட்டியை இழுத்து விட்டு, அது பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி, ஓவர்லாக் தையலில் நூல் தொங்குகிறதா, தோளில் பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா என்று தேடுகிறாள். மூன்றாவது ஆள் துணியைத் தொடவே இல்லை. எந்த நிறத்தை முன்வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், எது மூலையில் தள்ளுபடியில் கிடக்கிறது, 999ஐ அடித்துவிட்டு 299 என்று போட்டதில் உண்மையான விலை எதுவாக இருக்கும் என்று அவன் மனம் ஓடுகிறது. மூவரும் வாங்கியது ஒரே சட்டை. ஆனால் முதலாமவன் பார்த்தது நிட்டிங்கையும் துணிப் பரிசோதனைக் கூடத்தையும். அவள் பார்த்தது பேட்டர்ன் மாஸ்டரும் செக்கிங் பகுதியும் பார்ப்பதை. மூன்றாமவன் பார்த்தது மெர்ச்சண்டைசரும் விலை நிர்ணயம் செய்கிறவரும் பார்ப்பதை. நாலாவது சலவையில் அந்தச் சட்டையின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். பின்னலாடையில் நூலின் முறுக்கு தளராமல் இருந்து, துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்தும் காம்பேக்டிங்கும் சரியாகச் செய்யாமல் விட்டால் அப்படி ஆகும். "காசு போச்சு" என்று எறிந்துவிடுகிறவர்கள் நூறு பேர். ஏன் முறுக்கியது என்று அதைக் கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்க்கிற ஒருவர் இருந்தால், அவரைக் கண்டுபிடிப்பதுதான் தொழில் வழிகாட்டல்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய். அந்த ஊரின் பெயர் தெரியாத பிளஸ் டூ மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் பனியன் கம்பெனி வேலை என்றால் தையல் மெஷினில் உட்காருவது ஒன்றுதான் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சாயத்தின் வேதியியலும், பையரோடு மின்னஞ்சலில் நடக்கும் பேரமும், சாம்பிள் பிரிவும், கப்பல் நாள் தவறாமல் சரக்கை அனுப்புகிற திட்டமிடலும் அதற்குள் இருப்பது தெரிவதில்லை. உடுத்திக்கொள்ளும் பொருளுக்குப் பின்னால் இருக்கிற வேலைகளே கண்ணில் படாதபோது, கணினித் திரைக்குப் பின்னால் இருப்பவை எங்கே தெரியப்போகின்றன?

பிடிப்பது வேறு, பிழைப்பு வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டை பிடிக்கும் என்பதால் ஒருவன் ஆடை வடிவமைப்பாளன் ஆகிவிட முடியாது. சாப்பாடு பிடிக்கும் என்பதால் சமையற்காரனும் ஆகிவிட முடியாது. முழுக்கச் சரி. நான் பிடித்ததைப் பற்றியே பேசவில்லை. பிடித்தது எது என்று கேட்டால் பதினேழு வயதில் எல்லோரும் கிரிக்கெட், சினிமா, பைக் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். அதில் தகவல் ஒன்றுமில்லை. தன்னை மறந்து எதைக் கவனிக்கிறார்கள் என்பதில்தான் தகவல் இருக்கிறது. அந்தக் கவனம் துணியோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. செல்போன் ரீசார்ஜில் 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று விற்பதை, வருடத்துக்குப் பதின்மூன்று தடவை கட்டவைக்கும் வேலை என்று கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கிற பெண்ணுக்குக் கணக்கியலோ காப்பீடோ பொருந்தலாம். கடைக்காரர் தன்னிடம் ஒரு விலையும் வெளியூர்க்காரரிடம் ஒரு விலையும் சொல்வதைப் பார்த்துக் கொதிக்கிற பையனுக்குச் சட்டம் பொருந்தலாம். பொருந்தலாம் என்றுதான் சொல்கிறேன். தடயம் என்பது சான்றிதழ் ஆகிவிடாது.

தொழில் வழிகாட்டல் என்ற துறையே இதற்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு வழிகாட்டும் அலுவலகம் திறந்தார். அவர் இறந்த மறு வருடம் வெளிவந்த புத்தகத்தில், உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்று வழி சொன்னார். நூறு வருடம் தாண்டியும் நம் வழிகாட்டி முகாம்கள் அதைத்தான் செய்கின்றன. 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் தமிழ்நாட்டில் அதைப் பெரிய அளவில் கொண்டுபோனது, வரவேற்கத்தக்கது. பார்சன்ஸின் இரண்டாவது படி, வேலைகளைத் தெரிந்துகொள்வது, அதனால் நிச்சயம் எளிதாகியிருக்கிறது. முதல் படி அப்படியே நிற்கிறது. தன்னைத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்குத் தன் முடிவுகள் சில வேண்டும். வினாத்தாளில் வட்டத்தை நிரப்பினால் அது தெரிந்துவிடாது. கல்லூரிச் சேர்க்கைக் கவுன்சலிங் சமயத்தில் பிரவுசிங் சென்டர்களில் போய் நில்லுங்கள். மாணவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விருப்பப் பட்டியலை அண்ணனோ சித்தப்பாவோ கடைக்காரரோ சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருப்பார். சட்டையைக்கூடத் திட்டு வாங்காமல் எடுக்க முடியாதவரிடம் வாழ்க்கையை எடு என்றால் அவர் வேறென்ன செய்வார்? பிற்காலத்தில் தொழில் வழிகாட்டல் ஆய்வாளரான ஜான் குரம்போல்ட்ஸும் அவருடைய சகாக்களும் 1999இல் எழுதிய கட்டுரை பார்சன்ஸின் நம்பிக்கையைக் கொஞ்சம் தளர்த்தியது. வேலை வாழ்க்கையில் எதிர்பாராத நிகழ்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள ஆர்வமும் விடாமுயற்சியும் வளைந்துகொடுக்கும் குணமும் துணிந்து முயலும் பழக்கமும் பழகியிருக்க வேண்டும் என்றார்கள். இவற்றைப் பணம் அதிகம் போகாத இடத்தில் பழகுவதுதான் புத்திசாலித்தனம்.

எனக்கே மனத்தை உறுத்துகிற ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. மலிவுச் சட்டைக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டிவந்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் தேதி ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் தையல் தொழிலாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற மாதிரியான மலிவு உடைகளைத்தான். கிழித்து எறிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் எந்த ஆற்றங்கரையிலும் கிடக்கின்றன. பல அடுக்குப் படலம் என்பதால் பழைய இரும்புக்கடைக்காரரும் அதை எடுப்பதில்லை. ஆகவே வாங்குவது குற்றமற்றது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்தக் கேடுகள் எப்படி வெளிச்சத்துக்கு வந்தன என்று பாருங்கள். நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள். ராணா பிளாசா இடிபாடுகளில் கிடந்த லேபிள்களை எடுத்துவைத்து, எந்தக் கம்பெனிக்காகத் தைத்தார்கள் என்று நிரூபித்தார்கள். லேபிளைப் படிப்பது ஒரு பழக்கம். எங்கே தைத்தது, என்ன நூல், இந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்கும் பழக்கம் உள்ளவர்களிலிருந்துதான் நாளைய தொழிற்சாலை ஆய்வாளரும் சுற்றுச்சூழல் பொறியாளரும் தொழிற்சங்கக்காரரும் வருவார்கள். வாங்குவதையே பாவம் என்று வளர்த்தால், மறைவாக வாங்கி லேபிளைக் கிழித்துவிடுகிற பிள்ளைதான் மிஞ்சும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எதுவும் அவர்களுக்குப் பாதிதான் பொருந்துகிறது. பையனுக்குக் கையில் காசு கிடைக்கிறது. பெண்ணுக்குக் கூடவே ஆள் வருகிறது. கைநீளம் போதாது, நிறம் அடிக்கிறது, துப்பட்டா எங்கே என்று அவளுடைய ஒவ்வொரு தேர்வுக்கும் வீட்டில் தணிக்கைக் குழு கூடுகிறது. அரசும் இதில் விலக்கல்ல: 2019இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதி, சேலையோடு சல்வார் கமீஸையும் சுடிதாரையும் ஏற்றுக்கொண்டபோது, துப்பட்டாவையும் மறக்காமல் சேர்த்தது. தன் உடம்புக்கு எது வசதி என்று சொல்ல அனுமதி இல்லாத பெண், தன் மூளைக்கு எது வசதி என்று சொல்வாள் என எதிர்பார்ப்பது நியாயமா? கைச்செலவுக்கே காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் இதில் எங்கே வருகிறார்கள் என்றும் கேட்கலாம். அந்த வீடுகளில் பிள்ளைகள்தான் கடைக்குப் போகிறார்கள். ஐம்பது ரூபாயில் எண்ணெய், தக்காளி, தங்கைக்குப் பென்சில் என்று வாங்கி, மீதிச் சில்லறையோடு திரும்புகிற பத்து வயதுப் பெண்ணிடம் இருக்கிற தொழில்திறன் எந்தப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை எழுதிவைக்க ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோரிடம் கேட்பது இதைவிடச் சுலபமானது. அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, பட்ஜெட் இவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு, தேர்ந்தெடுப்பதை முழுக்கப் பிள்ளையிடம் விடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எடுத்து முடித்ததும் விலையை விட்டுவிட்டு, "ஏன் இதை எடுத்தே?" என்று கேளுங்கள். "சும்மா, நல்லாயிருந்துச்சு" என்று பதில் வரும். அதோடு விடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள்.